போதை மீட்பும் உள்ளாட்சி நிதியும்: போடிநாயக்கனூர் மலைச்சரிவை முன்வைத்து

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உத்தமபாளையத்துப் பாறையில் அச்சணந்தியின் பெயர் பொறித்த தீர்த்தங்கரர் திருவுருவங்களை வழிபட்டு வந்த குடும்பங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு புதிய இடமன்று. அங்கிருந்து வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் போடிநாயக்கனூர் அமைந்துள்ளது. ஊரைத் தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்கும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அதற்கப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம் என்று விரியும் ஏலமலைத் தோட்டங்களுக்கு அடிவார ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறிச் செல்கின்றனர். மாலை மங்கும் வேளையில் இறங்கி வருகின்றனர். இந்த ஜீப்பின் நேரத்தை மனத்தில் கொள்ளுதல் வேண்டும். இவ்வுரையின் பிற்பகுதியில் அது பெரும் பொருளாக வரும்.

போதைப் பழக்கம் என்றவுடன் இம்மலைப்பகுதியைப் பற்றிப் பலருக்கு நினைவுக்கு வருவது கஞ்சா. மலையின் மறுபுறத்துக் காடுகளில் ஒரு காலத்தில் அது மறைவாகப் பயிரிடப்பட்டதும், கம்பம் வழியாக அது கடத்தப்படுவதும் நாளேடுகளில் இடம்பெற்ற செய்திகளே. ஆயினும் இன்று பேச வேண்டியது வேறொன்று. வலியைப் போக்குவதற்காக மருத்துவர் எழுதித் தரும் அபினி வகை மாத்திரைகள், மருத்துவரின் சீட்டு இல்லாமலும் தேவை இல்லாமலும் இளைஞர்களின் கைக்குச் செல்கின்றன. டிரமடால், டபென்டடால் என்பவை அவற்றின் பெயர்கள். இவற்றைத் தூளாக்கி நீரில் கரைத்து ஊசி வழியாக ஏற்றிக்கொள்ளும் கொடுமையும் தமிழகத்தின் பல ஊர்களில் காவல் துறையின் வழக்குகளாகப் பதிவாகியுள்ளது. டிரமடாலை மத்திய அரசு 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் வரம்பிற்குள் கொண்டுவந்தது.

2019-இல் மத்திய சமூக நீதித் துறைக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் வெளியிட்ட ஆய்வு, இந்திய மக்களில் ஏறத்தாழ 2.1 விழுக்காட்டினர், அதாவது 2 கோடியே 26 லட்சம் பேர், ஏதேனும் ஓர் அபினி வகைப் பொருளைப் பயன்படுத்துவதாகக் கூறியது. அதில் ஊன்றிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பழைய காலத்து அபினியை உட்கொள்வோர் 0.52 விழுக்காடு, மருந்து வடிவில் உள்ளவற்றைத் தவறாகப் பயன்படுத்துவோர் 0.96 விழுக்காடு. ஆலையில் செய்து, அட்டையில் அடைத்து, விலை அச்சிட்டு வரும் பொருள், பழைய காலத்து அபினியை முந்திவிட்டது.

மதுவும் ஊனும் வாசற்படி ஏறாத இல்லங்கள் இவ்வவையில் பல. தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட அவ்வொழுக்கம் பெரும் அரண் என்பதில் ஐயமில்லை. ஆனால் மாத்திரைக்கு மதுவின் நாற்றம் கிடையாது. அது மருந்துப் பெட்டியிலேயே இருக்கும். பிள்ளையின் சட்டைப் பையில் கண்டெடுத்தாலும் தலைவலி மாத்திரை என்றே தாய் எண்ணுவாள். கள்ளுக்கும் சாராயத்துக்கும் கதவடைத்த வீடு, அதனாலேயே தனக்கு ஆபத்து இல்லையென்று கருதிவிடுகிறது. ஒருவேளை உண்மை தெரியவந்தாலும், இப்படிப்பட்ட குடும்பத்திலா என்ற வெட்கம் மருத்துவரிடம் செல்லவொட்டாமல் தடுக்கிறது. பெண் பார்க்க வருபவர்கள் என்ன சொல்வார்கள், கடையில் நிற்பவர்கள் என்ன பேசுவார்கள் என்ற அச்சத்தில் மாதங்கள் கழிகின்றன.

இந்நோயின் இயல்பையும் சற்று அறிந்துகொள்ளுதல் நன்று. அபினி வகை மருந்துக்குப் பழகிய உடல், அது கிடைக்காதபோது துடிக்கிறது. எலும்பு நோவும், வயிற்றுப்போக்கும், உறக்கமின்மையும் வாட்டுகின்றன. மன உறுதி இருந்தால் விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் அந்தத் துடிப்பைக் கண்டதில்லை. பத்து நாள் மருத்துவமனையில் வைத்து உடலைத் தூய்மைப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பணி முடிந்தது என்று எண்ணுவதும் பிழை. சொல்லப்போனால் அதுவே மிகவும் ஆபத்தான காலம். சில வாரங்கள் மருந்தின்றி இருந்த உடல் பழைய தாங்குதிறனை இழந்துவிடும். மீண்டும் சறுக்கி முன்போலவே பழைய அளவை உட்கொள்பவரின் மூச்சு நின்றுவிடக்கூடும். ஆகவேதான் மெத்தடோன், பியூபிரெனார்பின் என்னும் மாற்று மருந்துகளை மேற்பார்வையில் நாள்தோறும் கொடுத்து, மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் சிகிச்சை அளிக்கின்றனர். இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ், ஊசி வழியாகப் போதையேற்றிக்கொள்வோருக்காக இம்முறை நடைபெற்று வருகிறது.

நாள்தோறும் என்ற சொல்லில்தான் போடியின் சிக்கல் உள்ளது. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தேனியையும் கடந்து, ஆண்டிப்பட்டி செல்லும் சாலையில் க.விலக்கில் இருக்கிறது. புறநோயாளர் பிரிவு இயங்குவது முற்பகலில். விடியலில் ஜீப் ஏறும் தோட்டத் தொழிலாளி அங்கு செல்வதென்றால் அன்றைய கூலியை இழக்க வேண்டும். பேருந்துக் கட்டணம் வேறு. ஒரு நாள் இழப்பான், இரண்டு நாள் இழப்பான், மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விடுவான். அவன் சிகிச்சையைக் கைவிட்டதாகக் கோப்பில் எழுதப்படும். அவனுடைய மருத்துவமனை தமிழ்நாட்டிலும் அவனுடைய பகற்பொழுது கேரளத்திலும் இருந்ததை அக்கோப்பு சொல்லாது.

இனி நிதிக்கு வருதல் தகும். தேனி மாவட்டத்தில் 6 நகராட்சிகள், 22 பேரூராட்சிகள், 8 ஊராட்சி ஒன்றியங்கள், 130 ஊராட்சிகள் உள்ளன. போடியைச் சுற்றி மட்டும் நகராட்சி ஒன்று, மேலச்சொக்கநாதபுரம், மீனாட்சிபுரம் முதலிய பேரூராட்சிகள், சிலமலை, இராசிங்காபுரம், மலைமேல் கொட்டக்குடி எனப் பல ஊராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, தனித் தீர்மானம், தனி மானியம். 73-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கென வகுத்த 29 பொருள்களில் மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் அடங்கிய பொதுச் சுகாதாரமும் ஒன்று. பதினைந்தாவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, உள்ளாட்சிகளின் வழியாகச் செலவிடப்பட வேண்டிய சுகாதார மானியமாக மட்டும் 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. உள்ளாட்சிகளுக்கும் நோய் தீர்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று இனி யாரும் சொல்ல இயலாது. போதை மீட்புக்கான முந்தைய மத்திய உதவித் திட்டத்தின் தகுதிப் பட்டியலிலும் தொண்டு நிறுவனங்களோடு ஊராட்சிகளும் நகராட்சிகளும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தன.

எனினும் தனித்தனியே நிற்கும் ஓர் ஊராட்சியால் இதில் ஆவது என்ன? ஓர் உறுதிமொழி, ஒரு பேரணி, பள்ளிச் சுவரில் ஒரு வாசகம். விழிப்புணர்வு வேண்டாம் என்று கூறுவதற்கில்லை. ஆனால் பேரணி முடிந்த மாலையில், என் மகனை எங்கே அழைத்துச் செல்வது என்று ஒரு தாய் கேட்டால் அதற்கு அந்தச் சுவர் பதில் சொல்லாது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் உள்ளாட்சி ஆண்டுக்கு 50,000 ரூபாய் ஒதுக்குவதாகக் கொண்டால், அது ஒரு விழாச் செலவு. பத்து உள்ளாட்சிகள் அதே தொகையை ஒரே கணக்கில் சேர்த்தால் 5 லட்சம். மாதத்துக்கு ஏறத்தாழ 42,000 ரூபாய். ஓர் அறையும், மாலை நேரத்தில் மலைச்சரிவு ஊர்களைச் சுற்றிவரும் ஒரு வாடகை வண்டியும் அதற்குள் அடங்கக்கூடும்.

இங்கே ஒரு தடையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிதிக்குழு மானியத்தில் உள்ளாட்சியின் விருப்பத்துக்கு விடப்படும் பகுதியைச் சம்பளத்துக்கும் அலுவலக நிருவாகச் செலவுக்கும் பயன்படுத்தக் கூடாதென்பது விதி. போதை மீட்பிலோ முதன்மையான செலவே மனிதர்கள்: மருத்துவர், செவிலியர், உளவள ஆலோசகர். ஆகவே ஆட்களை மாநில அரசின் சுகாதாரத் துறை தருதல் வேண்டும். இடத்தையும், போக்குவரத்தையும், மாலை நேர ஏற்பாட்டையும் உள்ளாட்சிகள் கூடித் தருதல் வேண்டும். தமிழக அரசு 2025-இல் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கிவைத்தது. கலங்கரை விளக்கு கரையில் நிற்பது. கப்பல்தான் அதைத் தேடி வர வேண்டும். மலையடிவாரத்துக்கு அதன் கிளையொன்று நகர்ந்து வருவதற்கு உள்ளாட்சிகளின் கூட்டுப் பணம் பயன்படலாம்.

இவ்வாறு கூடிச் செய்வது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை என்று கருதுவோர் மலையின் மறுபுறத்தைப் பார்க்கலாம். கேரளம் 2008-இல், இந்தியாவிலேயே முதன்முதலாக, தீராநோயாளருக்கான வலித்தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. உள்ளாட்சிகள் தத்தம் திட்ட நிதியிலிருந்து அதற்கென ஒதுக்கின. பயிற்சி பெற்ற செவிலியர், வாடகை வண்டியில், படுத்த படுக்கையாய் இருப்பவரின் வீட்டுக்கே செல்கிறார். ஒன்றுக்கு மேற்பட்ட உள்ளாட்சிகள் பங்கிட்டுச் செலவிடும் கூட்டுத் திட்ட முறையும் அம்மாநிலத்தில் வழக்கில் உள்ளது. அந்த வலித்தணிப்புச் சிகிச்சையில் புற்றுநோயாளருக்குக் கொடுக்கப்படும் மார்ஃபினும் அபினியிலிருந்து வருவதே. வேதனையில் துடிப்பவருக்கு அது கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. அம்மருந்தை உரியவர்க்குக் கொண்டுசேர்க்கும் செவிலியரின் வண்டி மலைப்பாதையில் செல்ல முடியுமென்றால், அதற்கு அடிமையானவரை மீட்கும் வண்டியும் செல்ல முடியும். போதை மீட்புக்கென 2016-இல் அம்மாநிலம் தொடங்கிய ‘விமுக்தி’ இயக்கத்திலும் உள்ளாட்சிகளுக்கு இடமுண்டு. 14 மாவட்டங்களிலும் மீட்பு மையங்கள் அமைந்தன.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு இதைவிட விரிவாகச் சொல்லத்தக்கது. அமெரிக்காவின் வெஸ்ட் வர்ஜீனியா ஒரு மலை மாநிலம். நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகொடிய உழைத்தவர்களின் வலிக்கென எழுதப்பட்ட மாத்திரைகளிலிருந்தே அங்கு இந்நோய் பரவத் தொடங்கியது. கெர்மிட் என்ற சிற்றூரில் 400 பேருக்கும் குறைவானவர்களே வாழ்ந்தனர். அவ்வூரின் ஒரேயொரு மருந்துக் கடைக்கு 2 ஆண்டுகளில் ஏறத்தாழ 90 லட்சம் வலி மாத்திரைகள் அனுப்பப்பட்டதை உள்ளூர் நாளிதழ் ஒன்று வெளிக்கொணர்ந்தது. அச்செய்திகளுக்கு 2017-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நாடு முழுவதும் 3,000-க்கும் மேற்பட்ட மாநில, மாவட்ட, நகர அரசுகள் மருந்து நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தன. 2022-இல் மூன்று பெரும் விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்டு ஜான்சனும் 2,600 கோடி டாலர் வரை தர உடன்பட்டன. அத்தொகையில் குறைந்தது 85 விழுக்காடு போதை மீட்புப் பணிக்கே செலவிடப்பட வேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதி வைத்தனர்.

அப்படி எழுதியதற்கு ஒரு பழைய காயம் காரணம். 1998-இல் புகையிலை நிறுவனங்கள் 46 மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. அதில் பெரும்பகுதி வரவுசெலவுப் பற்றாக்குறைக்கும் சாலைகளுக்கும் போய்விட்டது. புகைப்பதை நிறுத்தும் பணிக்குச் சென்றது மிகச் சிறிது. நோயின் பெயரால் வந்த பணம் நோயாளியை வந்தடையவில்லை. இம்முறை வெஸ்ட் வர்ஜீனியாவின் மாநில அரசும், மாவட்டங்களும், நகரங்களும் வழக்கு முடியும் முன்பே கூடிப் பங்கீட்டை முடிவு செய்துகொண்டன. வரும் தொகையில் 24.5 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு நேரே செல்லும், 3 விழுக்காடு மாநிலத்திடம் இருக்கும், எஞ்சிய 72.5 விழுக்காடு ஒரு பொது அறக்கட்டளைக்குச் செல்லும். மாநிலத்தை 6 வட்டாரங்களாகப் பிரித்து, அவற்றின் சார்பாளர்களையும் அறக்கட்டளையின் ஆட்சிக் குழுவில் அமர்த்தினர். சிற்றூர் ஒன்று தனியே நடத்த முடியாத மருத்துவ நிலையத்தை வட்டாரம் நடத்தலாம் என்பதே அதன் உட்கருத்து. குறைகள் அங்கும் உண்டு. அந்நாட்டின் சில ஊர்களில் இந்நிதியைக் காவல் வண்டிகளுக்கும் கருவிகளுக்கும் செலவிட்டுவிட்டு, அதுவும் போதைத் தடுப்புதான் என்று கணக்குக் காட்டியதைப் பலர் கண்டித்துள்ளனர். பங்கிடும் விகிதத்தைப் போலவே, எதற்குச் செலவிடக் கூடாது என்ற பட்டியலும் முன்னமே எழுதப்பட வேண்டும்.

அந்த மாநிலத்துக்கு நிறுவனங்களிடமிருந்து இழப்பீடு வந்தது. போடிக்கு அப்படியொன்று வரப்போவதில்லை. இங்கு உள்ளது அரசு மானியமும் உள்ளாட்சியின் சொந்த வருவாயும்தான். ஆனால் பலர் சரக்கை ஓரிடத்தில் குவித்து, கணக்கைத் தெளிவாக வைத்து, தத்தம் பங்கை எடுத்துச் செல்லும் வழக்கத்தைப் போடிக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடைபெறும் இடங்கள் இரண்டே. ஒன்று போடிநாயக்கனூர், மற்றொன்று மலைமேல் வண்டன்மேட்டை அடுத்த புத்தடி. இடுக்கியில் விளைந்த காய் போடியில் விலை போகிறது. போடி வணிகர் புத்தடியில் விலை கேட்கிறார். மாநில எல்லை அந்த ஏலத்துக்குத் தடையாக இருந்ததில்லை. ஏலக்காய்க்கு இயன்ற உடன்பாடு அதைப் பறிக்கும் மனிதருக்கு மட்டும் ஏன் இயலாமற்போக வேண்டும்?

நடைமுறையில் தேவைப்படுவன மிகச் சிலவே. போடி அரசு மருத்துவமனையில், ஜீப்புகள் திரும்பும் நேரத்துக்குப் பின், மாலையில் இரண்டு மணி நேரம் இயங்கும் ஒரு சிகிச்சைப் பிரிவு. அதற்கான துணைச் செலவை நகராட்சியும், பேரூராட்சிகளும், ஒன்றியமும் மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ளும் தீர்மானம். மலையின் இருபுறமும் செல்லத்தக்க ஒரு சிகிச்சைச் சீட்டு. தோட்டத்திலேயே தங்கி வேலை செய்யும் வாரங்களில் அதைக் காட்டி இடுக்கியின் மையத்தில் மருந்து பெறுவதற்கு இரு மாவட்ட நிருவாகங்களின் உடன்பாடு. இவற்றுள் கடைசியானதே கடினம். மாற்று மருந்தைக் கொடுப்பதற்குரிய கட்டுப்பாடுகள் மிகுதி. பொறுப்பை ஏற்க அதிகாரிகள் தயங்குவர். அத்தயக்கம் தவறென்று கூற முடியாது, அம்மருந்தும் வெளிச்சந்தைக்குக் கசியக்கூடியதே. முதல் இரண்டும் நடைபெறத் தொடங்கினால் மூன்றாவதைக் கேட்கும் குரலுக்கு வலிமை கிடைக்கும்.

சட்டத்தைப் பற்றி இல்லங்கள்தோறும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மருத்துவமனைக்குச் சென்றால் காவல் நிலையத்துக்குச் செய்தி போய்விடும் என்ற அச்சமே பல பெற்றோரைத் தடுக்கிறது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64அ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான அடிமை நோயாளி, தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், அவர் மீது அக்குற்றத்துக்காக வழக்கு நடத்தப்படாது என்று பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையை முழுமையாகப் பெற்று முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. விற்றவருக்கு இப்பாதுகாப்பு கிடையாது. இதில் கருதத்தக்க சொல் ஒன்று: அரசு அல்லது ‘உள்ளாட்சி அமைப்பு’ நடத்தும், அல்லது ஏற்றுக்கொண்ட மருத்துவமனை என்றே அப்பிரிவு கூறுகிறது. நகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் இப்பணியில் இடமுண்டு என்று சட்டம் இயற்றியவர்களே எண்ணியிருக்கின்றனர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் போதைப் பழக்கத்தால் விளையும் மனநிலைகளை நோயின் வரையறைக்குள் சேர்த்து, நோயாளியைப் பற்றிய செய்திகள் மறைவாகக் காக்கப்படும் உரிமையை அளித்துள்ளது.

உள்ளாட்சிகளின் கூட்டுத் தீர்மானம் வரும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 14446 என்பது போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண். 14416 மனநல ஆலோசனைக்குரியது. பெயரைச் சொல்லத் தயங்குவோர் நிலைமையை மட்டும் கூறியும் வழி கேட்கலாம். வீட்டில் முதியோருக்கென வாங்கிய வலி மாத்திரைகள் எஞ்சியிருந்தால் எண்ணி வைத்தல் வேண்டும். தேவை தீர்ந்தவற்றை அலமாரியில் விட்டுவைக்கலாகாது.

மயங்கிக் கிடக்கும் ஒருவரின் மூச்சு மிக மெதுவாகி, உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனை போல் சுருங்கியிருந்தால் அது அபினி வகை மருந்து மிகுந்ததன் அடையாளமாக இருக்கலாம். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். உறங்கட்டும் என்று விட்டுவிடுதல் கூடாது. நலாக்சோன் என்னும் ஊசிமருந்து சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பித் தரவல்லது. எதை, எவ்வளவு, எப்போது உட்கொண்டார் என்பதை வெட்கத்தால் மறைக்காமல் மருத்துவரிடம் கூறினால் அவர் அதைத் தயங்காது கொடுப்பார்.